என் பத்தியை அணைத்த மேகம்

எட்டாம் மாதம், மூன்றாம் நாள்

துவான் ஷோவை இன்று மேடைச் சண்டைக்கு அழைத்துவிட்டேன். காலைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், தெளிவான குரலில். மண்டபத்திலிருந்து நான் நாரைக் கொட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. கொட்டிலைக் கூட்டுகிறவர்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எனக்கு எதற்கு? துவான் ஷோவுக்காக உச்சுக்கொட்டியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

இன்றிலிருந்து நாட்குறிப்பை ஒழுங்காக எழுதுவது என்று முடிவு. பின்னாளில் வெய் லான் என்கிற வீராங்கனையைப் பற்றி யாராவது எழுத உட்கார்ந்தால் தகவலுக்கு அலையக் கூடாது. ஆகவே அடிப்படையிலிருந்து சொல்கிறேன். மேகவாசல் மலையில் பயிற்சி செய்கிறவர்களுக்கு மூன்று படிகள். முதல் படியில் மூச்சைச் சேர்ப்போம். இரண்டாவது அடித்தளப் படி. உடம்புக்குள் ஆற்றல் குடியேறும். மூன்றாவது பொன்மணிப் படி. வயிற்றுக்குள் ஒரு நெருப்பு மணியாக உருண்டு நிற்கும், அதன் பிறகு முந்நூறு வருஷம் வாழலாம். நான் போன வசந்தத்தில்தான் இரண்டாம் படிக்கு வந்தேன். துவான் ஷோ அந்தப் படியின் உச்சியில் வெகு காலமாக உட்கார்ந்திருக்கிறான். அவனை யாரும் தோற்கடித்ததில்லை. அது அவர்களுடைய பிரச்சினை.

விஷயம் இதுதான். இரண்டாம் படியின் முதல் இருக்கை யாருக்கோ, மலையடி வெந்நீர்க் குகையும் அவருக்குத்தான். போன குளிர்காலம் வரை அந்த இருக்கை என் சூயின் அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை. ஒரே குருவிடம் எனக்கு முன்னால் சேர்ந்தவள். ஆனால் குரு தியானத்தில் உட்கார்ந்துவிட்ட பிறகு எனக்குச் சோறு போட்டதும் வாள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். பனிப் பள்ளத்தாக்கில் ஒரு வெண்பாம்பு அவளைக் கடித்தது. குளிர் நஞ்சு நரம்பு நரம்பாக உறைய வைத்துக்கொண்டு வருகிறது. குகையின் வெந்நீர் ஆவியில் இருக்கும்வரை தாக்குப்பிடிப்பாள் என்று வைத்தியர் கூ சொல்லியிருக்கிறார். இப்போது காலியாகக் கிடக்கும் இருக்கையைத் துவான் ஷோ கேட்கிறான். அவனுக்குக் கிடைத்தால் அக்கா வடக்கு வரிசை அறைக்குப் போக வேண்டும். அங்கே குளிர்காலத்தில் குடத்துத் தண்ணீர் கல்லாகிவிடும். அங்கே போனால் அக்காவுக்கு என்ன ஆகும் என்றும் வைத்தியர் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

நான் அவனை வெல்ல வேண்டியதில்லை. ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும்வரை மேடைக் கயிற்றுக்குள் இருந்தால் போதும். இருக்கை வசந்தம்வரை காலியாகவே இருக்கும், அக்கா குகையிலேயே இருப்பாள். ஒரே ஒரு பத்தி நேரம். இதற்குப் போய் இவ்வளவு உச்சுக்கொட்டல்.

எட்டாம் மாதம், ஐந்தாம் நாள்

வழக்கப்படி, சண்டைக்கு அழைத்தவர்தான் பத்தியைத் தன் கையால் உருட்ட வேண்டும். மேடை நடுவர் ரோங் அம்மா ஒரு கிண்ணம் மரத்தூள் அளந்து கொடுத்தார். முழுவதையும் ஒரே பத்தியாக்க வேண்டும். ஒரு சிட்டிகை மிச்சம் பிடித்தாலும் செல்லாது. ஆனால் எவ்வளவு காயவைக்கலாம் என்று எந்த விதியும் இல்லை. ஈரப்பத்தி இழுத்துக்கொண்டு கிடக்கும், காய்ந்த பத்தி மளமளவென்று எரிந்து தீரும். ஆகவே சண்டை நாள்வரை வெயிலில் போட்டு வாட்டப் போகிறேன். மூளை என்பது சும்மா தலையை நிரப்புவதற்கு இல்லை.

முதல் பத்தி நடுவில் விரிசல் விட்டது. இரண்டாவதைக் கொட்டிலின் ஓட்டின் மேல் காயப்போட்டேன், மந்திரி தின்றுவிட்டது. மந்திரி என்பது கிழட்டு ஆண் நாரை, என் பொறுப்பில் உள்ள நாரைகளிலேயே மகா திமிர் பிடித்தது. பறவை தின்றுவிட்டது என்றதை ரோங் அம்மா நம்பவில்லை. அதன் அலகில் ஒட்டியிருந்த தூளைக் காட்டிய பிறகு இன்னொரு கிண்ணம் கொடுத்தார். அப்போதே மேடை விதிகளையும் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினார். ஏறும்போது இருவரும் படிக்கல்லில் கை வைக்க வேண்டும், இறங்கும்வரை அவர்கள் படியைக் கல் கவனித்துக்கொண்டே இருக்கும். கல் பச்சையாக ஒளிர்ந்தால் இரண்டாம் படி. பொன்னிறமாக ஒளிர்ந்தால் மூன்றாம் படி. அந்த ஆளுக்கு இந்த மேடையில் இடமில்லை, இருக்கை மேடையில் மிஞ்சியவருக்கு. எனக்கு இதெல்லாம் எதற்கு என்று கொட்டாவி விட்டேன்.

அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். வழக்கம்போல அவள் கண்ணயர்ந்த பிறகு முதுகில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது கை சில்லிட்டிருந்தது. காலையில் இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டது.

எட்டாம் மாதம், ஒன்பதாம் நாள்

துவான் ஷோ கொட்டிலுக்கே வந்தான். மீன் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் நின்றதுதான் தாமதம், நாரைகள் எல்லாம் மீனை விட்டுவிட்டுக் கொட்டிலின் தாழ்வான மூலைக்கு ஓடி, உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டன. இடி மழைக்கு முன்னால் அப்படித்தான் செய்யும். வானமோ கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. இவன் எப்போதோ அவற்றை உதைத்திருக்க வேண்டும். பறவையை உதைக்கிற ஆள் வேறு எதையும் செய்வான்.

கீழே கிடந்த பித்தளை அகப்பையை எடுத்துக் கொடுக்கக் குனிந்தான். தொட்டதும் பொறி பறந்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி நின்றான். பேச்சு மட்டும் மரியாதையாக இருந்தது. "விலகிக்கோ, தங்கச்சி. எனக்கு உன்மேல கோவம் இல்ல. ஆனா மேடையில நான் மெதுவா அடிக்க மாட்டேன்."

எனக்கும் கோபம் இல்லை, வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். பிறகு, பனியில் குளிக்கிற ஆளுக்கு வெந்நீர்க் குகை எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவன் திருப்பிக் கேட்டது வேறு.

"அந்தக் குகைக்கு மேல பாறை எவ்வளவு கனம் இருக்கும்?"

"அளந்ததில்லண்ணே. வேணும்னா தலையால முட்டிப் பாத்துச் சொல்லுங்க."

போய்விட்டான். வடக்குப் பாதையில் போனால் அவன் இருப்பிடம் பக்கம்தான். அங்கே அவன் அண்ணனுடைய நினைவுக்கல் இருக்கிறது. மூன்றாம் படிக்கு ஏறுகிறவனை வானம் மூன்று இடியால் சோதிக்கும். மூன்றையும் நின்று வாங்க வேண்டும். அந்த அண்ணன் முதல் இடியில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததாம். துவான் ஷோ எப்போதும் அந்தப் பாதையை விட்டுத் தெற்கே சுற்றிக்கொண்டுதான் போகிறான். எல்லோரும் பார்க்கும்படி நடக்க வேண்டும் அவனுக்கு. அவ்வளவு பெருமை.

எட்டாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

மழை. பத்தி காயவில்லை. அக்கா நாள் முழுக்கத் தூங்கினாள்.

எட்டாம் மாதம், பதினெட்டாம் நாள்

என் போர் உத்தி தயார். அதற்கு நாரை நடை என்று பெயர் வைத்திருக்கிறேன். மீன் வாளியோடு கொட்டிலுக்குள் நுழைகிறவளை நாரைகள் நாலா பக்கமும் கொத்தும். முழங்காலைத் தளர்த்தி, எடையைக் குதிகாலுக்கு விட்டு, அலகு வருவதற்குள் வழுக்கிப் போய்விட வேண்டும். இடுப்பில் மீனைக் கட்டிக்கொண்டு இன்று காலை முழுவதும் பழகினேன். மந்திரி இரண்டு முறைதான் கொத்தியது. இரண்டும் பின்புறத்தில். இதை வரலாற்றில் சேர்க்க வேண்டியதில்லை.

கோடையில் கூரை கூரையாகத் தாவி மண்டபம்வரை மூச்சு வாங்காமல் போவேன். இன்று மூன்றாவது கூரையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. புதுச் செருப்பு சரியில்லை.

வைத்தியர் கூ வழியில் மறித்து, கேட்காமலே என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். ஏதாவது மருந்துக்குக் காட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "உன் உள்சூடு எங்கே போவுது, லான்?"

நான் பேச்சை மாற்றி அக்காவைப் பற்றிக் கேட்டேன். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார். நஞ்சை உருக்கப் பொன்மணிக்காரர் ஒருவருடைய நெருப்பு வேண்டும். தினம் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து செலுத்தினால் கரைந்துவிடும். இரண்டாம் படியில் உள்ளவர்களின் சூடு நஞ்சைத் தள்ளிப்போடுமே தவிரக் கரைக்காது, கொடுப்பவரையும் குடிக்கும். அதைச் சொல்லும்போது என்னையே பார்த்தார். மலையில் பொன்மணிக்காரர்கள் இரண்டே பேர், இருவரும் குகை வாயைக் கல்லால் அடைத்துக்கொண்டு தியானத்தில் இருக்கிறார்கள், அதில் ஒருவர் எங்கள் குரு. இந்தப் பத்து வருஷத்தில் வெளியே வர மாட்டார்கள். கதவைத் தட்டிப் பார்த்தாயிற்று. தட்டியதில் கை வீங்கியதுதான் மிச்சம்.

எட்டாம் மாதம், இருபத்து நான்காம் நாள்

கஞ்சி கால் கிண்ணம். உப்பு அதிகமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஒன்பதாம் மாதம், இரண்டாம் நாள்

அக்காவுக்குச் சண்டை விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரிந்தால் அவர்கள் படுக்கையில் மந்திரியைக் கட்டிப்போடுவேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் மோசம். தன் போர்வைகளை மடித்துக் கட்டி வைத்திருந்தாள். இவ்வளவையும் விறைத்துப்போன இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்போது மடித்தாள்?

"நான் வடக்கு வரிசைக்குப் போறேன். நீ போயி அழைப்பத் திரும்ப வாங்கிக்கோ. துவான் ஷோவோட ஒரு வீச்சுக்கு நீ தாங்க மாட்ட, லான். எனக்குத் தெரியும், நான் அவனோட வாள் பழகியிருக்கேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. மூட்டையைப் பிரித்துப் போர்வைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தேன். என்னென்னவோ கத்தினேன். நீ எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓடுவதற்கா, இத்தனை வருஷம் என்னை வளர்த்துவிட்டு இப்போது ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாயா என்று. கடைசியில் என் கையைப் பிடித்தாள், கொஞ்ச நேரம் விடவே இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

எனக்குப் பயமாக இருந்தது. சண்டையை நினைத்து இல்லை.

ஒன்பதாம் மாதம், எட்டாம் நாள்

பத்தி அருமையாகக் காய்ந்திருக்கிறது. தட்டினால் மணி மாதிரிச் சத்தம் வருகிறது. செருப்புக்கு வார் மாற்றினேன். வாளைத் துடைத்தேன். நாரைகளுக்கு நாளைக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். நாளை மலையேறும் திருநாள், சண்டையும் நாளைதான், உச்சி மேடையைச் சுற்றி ஊரே கூடும். நல்லது. ஜெயிக்கும்போது கூட்டம் இருப்பதுதான் அழகு.

ஒன்பதாம் மாதம், பதினோராம் நாள்

இடது கையில் மூன்று விரல்களுக்குக் கட்டு. வலது கை நன்றாக இருப்பதால் எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை, எல்லோரும் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இப்போதே கொட்டிலில் நாலு விதமாகச் சொல்கிறார்கள்.

வெயில் நன்றாக அடித்தது. சாமந்திப் பூ செருகிய தலைகளாக மேடையைச் சுற்றிலும் கூட்டம். விளிம்புப் பாறையில் என் நாரைகளும் வந்து உட்கார்ந்திருந்தன. நான் படிக்கல்லில் கை வைத்தேன், வெளிர்ப் பச்சை. அவன் கை வைத்தான், பாசிபோல் அடர்ந்த பச்சை. அது ஒளிர்வதற்குக் கொஞ்சம் தயங்கியது. ரோங் அம்மா புருவத்தைச் சுருக்கினார், ஆனால் பச்சை பச்சைதான். என் பத்தியைச் சாம்பல் கிண்ணத்தில் நட்டுப் பற்றவைத்தார்.

முதல் வீச்சிலேயே பறந்துபோய்க் கயிற்றில் மோதினேன். அக்கா சொன்னது பொய்யில்லை. அதன் பிறகு சுதாரித்துக்கொண்டேன். முழங்கால் தளர்வு, குதிகாலில் எடை. அவன் வாள் வரும், நான் அங்கே இருக்க மாட்டேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இந்த முறை என்னைப் பார்த்து இல்லை. பத்தி நான் நினைத்தபடியே விறுவிறுவென்று எரிந்தது. பாதி தாண்டியபோது அவன் வேகத்தைக் கூட்டினான். என் வாள் உடைந்தது. இடது கையை நீட்டியது என் தப்பு, மூன்று விரல்கள் முறிந்தன. வலிதான், ஆனால் கிண்ணத்தைப் பார்த்தேன். ஒரு விரல் நீளப் பத்திதான் பாக்கி. எனக்குத்தான் இனி வளையும் விரல்கள் குறைவு, பத்திக்கும் ஒரு விரல் குறையட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தூறல் விழுந்தது.

நாலே துளிகள். எலும்பாகக் காயவைத்த என் பத்தி, மந்திரிக்குத் தப்பிப் பிழைத்த என் பத்தி, சுஸ் என்று அணைந்துவிட்டது. நான் ரோங் அம்மாவைப் பார்த்தேன். பத்தி அணைந்தால் நேரமும் நின்றுவிடும், அது தானாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி ஏற்ற வேண்டும், அதுவரை சண்டை நிற்காது என்று அறிவித்தார். அது காயும்வரை நான் எங்கே தாங்குவது? அக்காவின் மடித்த போர்வைகள் கண்ணில் வந்து நின்றன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துவான் ஷோமேல் இல்லை, மேகத்தின்மேல். திட்டுவதற்காகத்தான் மேலே பார்த்தேன். வானம் முழுக்க வெயில். மேடைக்கு நேர் மேலே மட்டும் ஒரு கறுத்த மேகம், ஒரு போர்வை அகலத்துக்கு. துவான் ஷோவும் மேலே பார்த்தான். அவன் முகத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. விளிம்புப் பாறையில் நாரைகள் எல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டு அலகைச் சிறகுக்குள் செருகியிருந்தன.

அகப்பையில் பறந்த பொறி. பாறை எவ்வளவு கனம் என்கிற கேள்வி. அண்ணன் கல்லைச் சுற்றிக்கொண்டு போகிற நடை. இவ்வளவு நாள் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்திருக்கிறது, நானோ அவன் நாரைகளை உதைத்தான் என்று எழுதி வைத்திருக்கிறேன். இவனுக்கு மூன்றாம் படிக்கான நேரம் எப்போதோ வந்துவிட்டது. ஏறவில்லை. ஏறினால் இடி விழும் என்று உள்ளேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இடி எட்டாத ஒரு பாறைக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஏறத்தான் குகை கேட்கிறான். பாதிப் பலம் அதை அழுத்துவதற்கே போய்விடுகிறது. என்னோடு சண்டை போடுவது மீதிப் பாதி. முழுப் பலத்தையும் வாளுக்குக் கொண்டுவந்தால் பிடி நழுவும்.

ஆகவே அவனை முழுப் பலத்தோடு அடிக்க வைக்க வேண்டும். அடி வாங்கப் போகிறவள் நான்தான் என்பது ஒரு சின்னச் சிக்கல்.

"உங்கண்ணன் இதே மேடையிலதான விழுந்தாரு?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவரு ஏறியாவது பாத்தாரு. நீங்க அவரு கல்லுப் பக்கம் நடக்கக்கூட மாட்டேங்கிறீங்க."

சொன்னது சரியில்லை, தெரியும். அக்காவுக்காக மறுபடியும் சொல்லச் சொன்னால் சொல்வேன்.

அவன் கத்தவில்லை. வாளை இரண்டு கைகளாலும் உயர்த்தினான். காற்று காதை அடைத்தது. நாரை நடை எல்லாம் மறந்துபோனது. நாரைகள் செய்ததைச் செய்தேன். தரையோடு ஒட்டிக்கொண்டு தலையைக் கைக்குள் செருகிக்கொண்டேன். வீச்சு முதுகுக்கு மேலே போனது. பின்னால் விளிம்பில் இருந்த பைன் மரம் அடியோடு முறிந்து பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் படிக்கல் பொன்னிறமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ரோங் அம்மா சட்டென்று தீர்ப்பைச் சொல்லிவிட்டார். துவான் ஷோ மேடைக்கு உரியவன் அல்ல, இருக்கை வெய் லானுக்கு. சொல்லிக்கொண்டே எல்லோரையும் கீழே விரட்டினார். சோதனை நடக்கும் இடத்தில் வேறு ஒருவர் கால் வைத்தால் வானம் அவரையும் சேர்த்து எண்ணி இடியை இரட்டிப்பாக்கும். கூட்டம் படிகளில் உருண்டு ஓடியது. நானும் கயிற்றைத் தாண்டினேன். தவழ்ந்துதான்.

முதல் இடி விழுந்தது. கண் திறந்தபோது துவான் ஷோ குப்புறக் கிடந்தான். வாள் உருகிக் கல்லில் வழிந்திருந்தது. முடியிலிருந்து புகை வந்தது. இரண்டு கைகளாலும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேகம் அடுத்ததற்காகக் கறுத்தது. படுத்துக்கொண்டு வாங்கினால் பிழைக்க முடியாது, அவன் அண்ணன் பிழைக்கவில்லை. இது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் எழுந்திருக்கவில்லை.

நான் போயிருக்கலாம். குகை கிடைத்தாயிற்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏய்! எந்திரி!"

தலையைத் தூக்காமல், முடியாது என்றான். குழந்தைக் குரலாக இருந்தது. எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

"முடியாதா? நாரைங்களுக்கும்தான் பயம். இடி விழுந்து முடிஞ்சா எந்திரிச்சு மீனு கேக்குது. ஒரு மாசமா என் பறவைங்கள நீ தூங்க விடல. எம்பத்திய அணைச்ச. என் வெரல ஒடச்ச. இவ்வளவும் பண்ணிட்டு இங்கயே படுத்துச் சாவியா? நீ செத்துப்போனா நான் ஜெயிச்சேன்னு எவன் நம்புவான்? எந்திரி, நாயே. நின்னு வாங்கிக்கோ."

ஒரு மூத்த சீடனை நாய் என்றது முறையில்லை. ஆனால் வேலை செய்தது. முதலில் முழங்கால், பிறகு கை. என்னைத் திரும்பிப் பார்த்தான், கொன்றுவிடுவதுபோல. பார்த்துக்கொண்டே நிமிர்ந்து நின்றான். இரண்டாவது இடியை அப்படியே, என்னை முறைத்தபடியே வாங்கினான். மூன்றாவதுக்கு முகத்தை வானத்துக்குத் திருப்பிக்கொண்டான். அதன் பிறகு மேகம் கலைந்து வெயில் வந்தது. அவன் நின்றுகொண்டிருந்தான்.

ஏன் கயிற்றடியிலேயே நின்றாய் என்று ரோங் அம்மா கேட்டார். செருப்பு வார் கயிற்றில் சிக்கிக்கொண்டது என்றேன்.

ஒன்பதாம் மாதம், பதினைந்தாம் நாள்

முதல் இருக்கைக்குத் தலைக்குமேல் வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. கொட்டிலையும் பார்க்க வேண்டும், கூட்டத்திலும் முன்வரிசையில் உட்கார வேண்டும். அக்காவிடம் முழுக் கதையையும் மூன்றாம் முறையாகச் சொன்னேன். பைன் மரத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். சிரித்தாள், இருமினாள். கஞ்சி இரண்டு வாய். குகை கையில் இருந்தும் அவள் விரல் நுனி நீலமாகிக்கொண்டுதான் வருகிறது. வசந்தம் ரொம்ப தூரம். எழுதிவிட்டேன், போகட்டும்.

ஒன்பதாம் மாதம், பதினாறாம் நாள்

துவான் ஷோ குகை வாசலுக்கு வந்தான். புருவம் இரண்டும் இல்லை. வெறுங்கால். பொன்மணிக்காரன் குகையைக் கேட்டால் எந்த விதியைச் சொல்லித் தடுப்பது என்று யோசித்தபடி அகப்பையோடு வழியை மறித்து நின்றேன். அவன் என்னை வணங்கினான். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அகப்பையைத் தாழ்த்தினேன்.

வைத்தியர் கூ சொன்னாராம். தினம் காலையில் வந்து உட்கார்ந்து சூயினுக்கு நெருப்புச் செலுத்தலாமா என்று கேட்டான். நான் அவனை நம்பவில்லை. எதற்காக என்று கேட்டேன்.

"காதுக்குள்ள உன் வசவு கேட்டுக்கிட்டே இருக்கு," என்றான். "இதப் பண்ணினா நிக்குதான்னு பாக்கலாம்னு."

நிற்காது, இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்றேன். ஆனால் வழியை விட்டேன். மேடையில் அவன் அண்ணனைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவன், இன்று வடக்குப் பாதை வழியாகத்தான் வந்தேன் என்றான். நான் கஞ்சி சூடு பண்ணப் போய்விட்டேன்.

மந்திரி அவனைக் கண்டு ஓடவில்லை. போகும்போது அவன் சட்டைக் கையைக் கொத்திக் கிழித்தது. நல்ல பறவை.

பத்தாம் மாதம், முதல் நாள்

அக்கா முழுக் கிண்ணம் சாப்பிட்டாள். உப்பு போதாதாம். நானும் நாரைகளும் சேர்ந்து கொண்டாடினோம்.

பத்தாம் மாதம், பத்தொன்பதாம் நாள்

முதல் பனி விழுந்தது. கூரைகள் எல்லாம் வெள்ளை. மண்டபம்வரை கூரை கூரையாகத் தாவிப் போனேன், எங்கும் உட்காரவில்லை. அதே செருப்புதான்.

துவான் ஷோ தன் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பழக்க தோஷம், பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். அவள் தூங்கவில்லை. திரும்பி என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் விரல்கள் எங்கேயும் நீலமில்லை.

"போதும், லான். போன குளிர்காலத்துலேர்ந்து நான் போத்திக்கிட்டுப் படுத்திருந்தது போர்வையில்ல, உன் கைதான். தடுத்தா நீ சண்டைக்கு வருவ, தடுக்காம விட்டா நீ கரைஞ்சு போவ. என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் மூட்டையக் கட்டினேன்."

நீ என்ன சொல்கிறாய் என்றே புரியவில்லை, காலைக் குளிரில் யாருக்கும் கை சில்லிடத்தான் செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுதேன். வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

வெளியே இன்னும் பனி பெய்கிறது. நாரைகளுக்கு மீன் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கை சூடாக இருக்கிறது.